பிரேதப் பரிசோதனை மேஜையில் கண்டவை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி இந்தத் தலைப்பா சார்?" என்று செயலர் கொஞ்சம் தயங்கினார். பயப்படாதீங்க, வயிற்றைக் குமட்டுகிற எதையும் நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கல்லூரியில் புகுமுக வகுப்பில் விலங்கியல் கூடத்தில் தவளையை அறுக்கக் கை நடுங்கியவன் நான். அப்படிப்பட்டவன் மருத்துவம் படித்து, தடயவியல் மருத்துவத் துறையில் சேர்ந்து, முப்பது ஆண்டுக்கு மேல் பிணவறையிலேயே குப்பை கொட்டியது விதியின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் என்னிடம் உடம்பைப் பற்றி யாரும் ஆலோசனை கேட்க மாட்டார்கள். "இவர் கிட்டப் போறதுன்னா கடைசியாத்தான் போகணும்" என்று ஒதுங்கிப் போவார்கள். அதனால்தானோ என்னவோ, என் துறை கண்டதைப் பற்றிப் பேச எனக்கு மேடையே கிடைத்ததில்லை. இன்று கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இயற்கைக்கு மாறான மரணம் என்றால் என்ன? வியாதியாலோ முதுமையாலோ அல்லாத சாவு. தற்கொலை, கொலை, விபத்து, விலங்கால் வந்த சாவு, இயந்திரத்தில் சிக்கிய சாவு, சந்தேகம் உள்ள எந்தச் சாவும் இதில் அடங்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆவது பிரிவு என்று நாம் கேட்டுப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194ஆவது பிரிவு. எண் மாறியது, வேலை மாறவில்லை. போலீசார் பஞ்சாயத்தாரை வைத்து விசாரணை நடத்தி, உடலை எங்களுக்கு அனுப்புவார்கள். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். அந்த ஏழாண்டுக் கணக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு வந்தது. அது ஏன் வந்தது என்பதற்கு இன்னும் ஐந்து நிமிஷத்தில் வருகிறேன்.

இந்தத் தொழிலுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை நடந்ததே சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில்தான், 1693இல். செய்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர். இறந்தவர் ஜேம்ஸ் வீலர், கவுன்சில் உறுப்பினர். அவருக்கு மருந்தாகக் கொடுத்த முத்துப் பொடியை, முன்பு பாஷாணம் அரைத்த கல்வத்திலேயே அரைத்துவிட்டார்களாம். பாஷாணம் என்றால் ஆர்சனிக். கல்வத்தைக் கழுவாமல் விட்டதால் ஒரு உயிர் போயிற்று. இதை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வேன். ஏனென்றால் நான் இன்று சொல்லப் போகும் விஷயத்தின் கரு அதிலேயே இருக்கிறது: கைக்கெட்டும் இடத்தில் என்ன கிடந்தது என்பதுதான் பெரும்பாலும் சாவைத் தீர்மானிக்கிறது.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் தீக்காய உடல் வராத வாரமே கிடையாது. அநேகமாக எல்லாம் பெண்கள். அநேகமாக எல்லாரும் இளவயசு. விசாரணை அறிக்கையில் ஒரே வாசகம்: "சமையல் செய்யும்போது ஸ்டவ் வெடித்து." ஊர் ஊருக்கு, தாலுகாவுக்குத் தாலுகா, இதே வாசகம். பம்ப் ஸ்டவ் உண்மையிலேயே ஆபத்தான பொருள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஸ்டவ் மாமியாரையும் நாத்தனாரையும் விட்டுவிட்டு மருமகளை மட்டும் பார்த்து வெடிக்கும் பழக்கத்தை எங்கே கற்றுக்கொண்டது என்று நாங்கள் எங்களுக்குள் கசப்போடு பேசிக்கொள்வோம்.

உடல் சில விஷயங்களைச் சொல்லும். உயிரோடு இருக்கையில் தீப்பற்றினால் மூச்சுக்குழாயின் உள்சுவரில் கரித்துகள் படிந்திருக்கும், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். இறந்த பிறகு கொளுத்தியிருந்தால் மூச்சுக்குழாய் சுத்தமாக இருக்கும். சேலைத் தலைப்பில் பற்றி மேலேறிய தீக்கும், தலையிலிருந்து ஊற்றிய மண்ணெண்ணெயில் இறங்கிய தீக்கும் காயம் பரவும் விதம் வேறு. இதுவரை நாங்கள் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணெயை ஊற்றியது யார் கை, ஊற்றிக்கொள்ளும்படி விரட்டியது யார் வாய் என்பதைக் கத்தியால் அறுத்துக் காண முடியாது. அதற்காகத்தான் அந்த ஏழாண்டு விதியும் கோட்டாட்சியர் விசாரணையும், 1986இல் வரதட்சணைச் சாவு என்ற தனிக் குற்றமும் வந்தன.

இது எவ்வளவு பெரிய சாவு என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 2009இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2001ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கு மேல் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அதில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலோர் 15 வயசிலிருந்து 34 வயசுக்குள். போலீஸ் பதிவில் இருந்ததைப் போல ஆறு மடங்கு! படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் வந்திருக்காது.

பிறகு என்ன ஆயிற்று? மாமியார்கள் திருந்திவிட்டார்களா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சட்டம் ஓரளவு பயம் காட்டியது, பெண்கள் படித்து வேலைக்குப் போனார்கள், எல்லாம் சரி. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அடுக்களையில் கேஸ் அடுப்பு வந்தது. 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கும் அரசே அடுப்பு கொடுத்தது. ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே போய், பல வீடுகளில் அந்த ஐந்து லிட்டர் கேன் காணாமல் போயிற்று. ஆத்திரம் தலைக்கேறிய நேரத்தில் எடுத்து ஊற்ற ஒன்றும் இல்லை. சிலிண்டரைத் தூக்கி யார் தலையிலும் ஊற்ற முடியாது. நான் ஓய்வு பெறும்போது, வாரம் தவறாமல் வந்த தீக்காய உடல் எப்போதோ வரும் ஒன்றாகிவிட்டது. எந்த மாநாட்டிலும் இந்த அடுப்புக்கு யாரும் மாலை போடவில்லை. நான் போடுவேன்.

அடுத்தது விஷம். இங்கேதான் ஊருக்கு ஊர் முகம் மாறும். டெல்டா மாவட்டங்களிலும் பருத்தி விளையும் பக்கங்களிலும் பூச்சிமருந்து. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சாணிப் பவுடர். மாட்டுச் சாணம் கிடைக்காத வீட்டில் வாசல் தெளிக்க மஞ்சளாகவும் பச்சையாகவும் விற்ற சாயப்பொடி அது. பேர்தான் சாணி, உள்ளே ரசாயனம். தடை போட்டார்கள், ஆனால் தடைக்குப் பின்னும் பெட்டிக்கடைகளில் ஒளித்து விற்றார்கள். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த டாக்டருக்கு அது என்னவென்றே தெரியாது. கொங்கு நாட்டுப் பிணவறை உதவியாளரோ வயிற்றின் நிறத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். (இந்த உதவியாளர்களைப் பற்றித் தனியாகவே ஒரு உரை ஆற்றலாம். எங்கள் துறையின் பாதி அறிவு அவர்கள் கையில் இருந்தது. பாதிச் சம்பளம் கூட அவர்களுக்கு வந்ததில்லை.)

பிறகு வந்தது எலி பேஸ்ட். பற்பசை மாதிரி டியூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ். இதைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிட்டவருக்கு முதல் நாள் வாந்தி, வயிற்று எரிச்சல் வரும். அது நின்றுவிடும். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டு, "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்" என்பார்கள். சண்டை போட்ட புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று பிள்ளை தலைமேல் சத்தியம் நடக்கும். வீட்டுக்கும் கூட்டிப் போய்விடுவார்கள். உள்ளே கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகித் திரும்பி வருவார்கள். மாற்று மருந்து கிடையாது. கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆரம்பத்திலேயே போனவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வாந்தி நின்றதும் வீட்டுக்குப் போனவர்கள்தான் எங்களிடம் வந்தார்கள். சிகிச்சை கொடுத்த டாக்டர்கள் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தப் பொண்ணு சாக விரும்பலை சார்."

இதைத்தான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். ஊரில் எல்லாரும் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "சாகணும்னு முடிவு பண்ணினவனை யார் தடுக்க முடியும்? இது இல்லன்னா வேற ஒண்ணு." படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் பொய். முடிவு பண்ணி, நாள் குறித்து, கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செத்தவர்கள் உண்டு, ஆனால் குறைவு. விசாரணை அறிக்கைகளைப் படித்தால் தெரியும். காலையில் வாய்ச்சண்டை, பத்து நிமிஷத்தில் கொல்லைப்புறம், அங்கே சுவரோரம் பாதி தீர்ந்த பூச்சிமருந்து பாட்டில். அந்தப் பத்து நிமிஷம் கடந்து போயிருந்தால் அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து சினிமாவுக்குக்கூடப் போயிருப்பார்கள். அந்தச் சுவரோரத்தில் இருந்தது வீரியம் குறைந்த மருந்தாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்துவிட்டு எழுந்து வந்திருப்பார்கள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. பக்கத்திலிருக்கும் இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் அங்கே தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அவர்கள் என்ன செய்தார்கள்? பாரத்தியான் வகைகளை 1984இலேயே நிறுத்தினார்கள். மிகக் கொடிய வகை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட மற்றவற்றை 1995க்குள் ஒதுக்கினார்கள். 1998இல் எண்டோசல்பான். அடுத்த பத்தாண்டில் தற்கொலை விகிதம் பாதியாகியது. கவனியுங்கள், அங்கே அந்தப் பத்தாண்டில் யுத்தம் முடிவுக்கு வரவில்லை, வறுமை ஒழியவில்லை, குடும்பச் சண்டையும் நின்றிருக்காது. விளைச்சல் விழுந்ததா என்றும் ஆராய்ந்தார்கள், விழவில்லை. வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்ற வாதம் அங்கே முழுக்க எடுபடவில்லை. சிலர் தேடினார்கள். பலர் தேடவில்லை, பிழைத்தார்கள்.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பேங்க் லாக்கர் மாதிரி ஒரு பொதுக் கிடங்கு கட்டிக்கொடுத்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்டி, வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நிறுத்தியது. மத்திய அரசு 2018இல் பிறப்பித்த ஆணைப்படி பன்னிரண்டு மருந்துகள் உடனே தடையாயின. இன்னும் ஆறு 2020 முடிவோடு போயின. எலி பேஸ்டுக்கும் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் தடை என்பது காகிதத்தில் ஆரம்பிக்கும். கடையில்தான் முடிய வேண்டும். இந்தச் சபையிலேயே உரக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தனியாக வந்து, முகம் வாடி, ஒரே ஒரு பாட்டில் கேட்பவரிடம் "எந்த வயலுக்குங்க, என்ன பயிரு?" என்று இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் "நாளைக்கு வாங்க, சரக்கு இல்லை" என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் குடிமுழுகிவிடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி இந்தியாவில் 1,70,924 தற்கொலைகள், தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாட்டளவில் இப்போது பாதிக்கும் மேல் தூக்கு. அதற்குக் கடையும் இல்லை, தடையும் இல்லை. அங்கே என் அடுப்புக் கதை உதவாது. மனுஷர்கள்தான் உதவ வேண்டும். இறந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் தினக்கூலி என்று அதே கணக்கு சொல்கிறது. கடன், குடி, வேலை இல்லாமை என்று அதன் பின்னால் போனால் அது என் துறையைத் தாண்டிய பேச்சு.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "தீராத வயிற்று வலி." தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கும் எல்லாருக்கும் பழக்கமான சொல். வயிற்றைத் திறந்து பார்த்தவன் சொல்கிறேன், வலிக்கக் காரணமான எதையும் பெரும்பாலும் நான் கண்டதில்லை. ஊரில் மானம் போகக் கூடாது, போலீஸ் தொல்லை வேண்டாம், மிச்சமிருக்கும் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காகக் குடும்பமும் காவல் நிலையமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வார்த்தை அது. அந்த வார்த்தைக்குள் எத்தனை அடி, எத்தனை கடன், எத்தனை காதல் புதைந்து கிடக்கிறதோ! வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று நிதானமாகக் கேட்டு எழுதினார்கள். 1994 முதல் 1999 வரை லட்சத்துக்கு 95 பேர் என்று வந்தது. அன்றைய அரசுக் கணக்கு காட்டிய நாட்டுச் சராசரியைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. கேட்கத் தெரிந்தவர்களிடம் ஜனங்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியிலேயே "தெரியாமல் குடிச்சிட்டார்" என்று பொய் சொல்வார்கள். டாக்டருக்கு எந்த விஷம் என்று தெரியாமலே போகும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்தப் பயத்தைத் தளர்த்தியது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆவது பிரிவே இல்லை. ஆகவே பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

சாலை விபத்துக்கு வருகிறேன். நேரம் போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884. நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. என் மேஜையில் பார்த்த ஒரு விசித்திரம் சொல்கிறேன். கைகால் சிராய்ப்பு, ஒரு விலா எலும்புகூட முறியவில்லை, மண்டை மட்டும் போயிருக்கும். "வண்டியில ஹெல்மெட் இருந்துச்சு சார்" என்பார்கள். இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல். தலையில் இருந்ததும் பல சமயம் வார் மாட்டாமல் இருந்ததால் விழுவதற்கு முன்பே பறந்துவிடும். டேங்குக்கு ஒன்றும் ஆகாது, அதுவரைக்கும் சந்தோஷம்.

எலி பேஸ்டைப் போலவே இங்கேயும் ஒரு ஏமாற்று இடைவெளி உண்டு. விழுந்தவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, டீ குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுப்பார். விடிகாலை எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்திருக்கும். சரியான நேரத்தில் ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டியை எடுத்தால் பிழைக்கக்கூடிய ஆள். தலையில் அடிபட்டவர் ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தாலும், வாந்தி எடுத்தாலும், வழக்கத்துக்கு மீறித் தூங்கி வழிந்தாலும் கூட்டிக்கொண்டு ஓடுங்கள். 2008லிருந்து 108 வண்டி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது.

பாம்புக்கடி, கிணறு, மின்சாரம் இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலியில் பக்கத்து வயல்காரர் விழுந்த கதைகளை இங்கே விவசாயம் பார்ப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. பரீட்சை ரிசல்ட் வரும் வாரம் எங்களுக்குத் தெரியும், காலண்டர் பார்க்க வேண்டாம். தவறிய பாடத்தை உடனடியாக மறுபடி எழுதலாம் என்று சிறப்புத் துணைத் தேர்வு வந்த பிறகு அந்த வாரத்தின் கனம் குறைந்தது. ஒரு வருஷம் போச்சு என்பதற்கும் ஒரு மாசம் போச்சு என்பதற்கும் பதினேழு வயசில் அவ்வளவு வித்தியாசம். ரிசல்ட் அன்று தவறிய பிள்ளைகளின் வீட்டுக்கு நீங்களே ஒரு போன் போட்டு அந்தத் தேர்வு தேதியைச் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகையில் இருக்கும் நம் மாணவர்களுக்கு: எப்படிச் செத்தார் என்பதை விலாவாரியாக எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்தில் 1980களின் தொடக்கத்தில் இரண்டு மாணவிகள் ஒரு செடியின் விதையைத் தின்று இறந்த செய்தி பரவிய பிறகு, அதுவரை அங்கே அரிதாக இருந்த அந்த வழி வருஷா வருஷம் பெருகி வடக்கு முழுக்கப் பரவியது. வேலியோரத்தில் காலம் காலமாக இருந்த செடிதான். செடியின் பெயரை நானும் இங்கே சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதற்குப் பதிலாக 104 என்ற எண்ணையும், 2022 முதல் நடக்கும் டெலிமானஸ் 14416 என்ற எண்ணையும் செய்தியின் அடியில் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், ராத்திரி பகல் எந்நேரமும்.

செயலர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். சாம்பார் ஆறுகிறதாம். கேள்வி கேட்க விரும்புபவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம். இடம் நிச்சயம் காலியாக இருக்கும்.